கோப்பில் சேர்த்த கடிதம்

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அண்ணன் போனில் பேசினார். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை கனடாவில் இருக்கிறார். நலம் விசாரித்து முடிப்பதற்குள் அண்ணன் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"கிரேஸு, விசாவுக்கு எந்தெந்த போட்டோ எடுக்கணும்னு சொல்லு. போட்டோக்காரன் லிஸ்ட்டு கேக்கான். மாலை மாத்துறது, மோதிரம் போடுறது, ரெண்டு வீட்டு ஆளுகளும் சேந்து நிக்கிறது. வேற என்னம்மா வேணும்?"

"எனக்குக் கனடா சட்டம் தெரியாதுண்ணே."

"வெளிநாடுன்னா எல்லாம் ஒண்ணுதான? நீ மாப்பிள்ளையக் கூப்பிட்டுக்கிட்டப்ப என்னத்தக் குடுத்த? அதச் சொல்லு, போதும்."

இந்த மாப்பிள்ளை என் கணவர். பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அலமாரிக்கு மேலே போர்வைகளுக்கு அடியில் இருந்த பழுப்பு அட்டைக் கோப்பைப் பதினோரு வருஷத்துக்குப் பிறகு கீழே இறக்கினேன். கல்யாணப் போட்டோக்கள், சர்ச்சில் கொடுத்த சான்றிதழ், நீல ஏர் லெட்டர்கள், ஆங்கில மொழிபெயர்ப்புகள், கடைசியாகத் தீர்ப்பு. படுக்கையறைத் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்ததில் நேரம் போனது தெரியவில்லை. மத்தியான டியூட்டிக்கு பஸ் போய்விடும் என்று அவசரமாக எழுந்து, கோப்பைக் கட்டிலிலேயே போட்டுவிட்டு ஓடினேன்.

அதைத் திரும்ப மேலே வைத்திருக்க வேண்டும்.

2

நான் பத்தொன்பது வயதில் நர்ஸ் பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு வந்தவள். வடக்கே ஒரு பழைய பஞ்சாலை ஊர். பயிற்சி முடித்து இங்கேயே வேலையில் நிலைத்துவிட்டேன். ஒன்பது வருஷம் கழித்து, எண்பத்தாறில், லீவுக்குப் போன இடத்தில் எனக்குக் கல்யாணம் முடித்தார்கள். அவர் பெயர் தங்கராஜ். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் சூப்பர்வைசர். அப்பா இல்லை. அம்மாவுக்கு ஒரே மகன்.

கல்யாணத்துக்குப் பிறகு ஐந்து வாரம் ராஜபாளையத்தில் அந்த வீட்டில் இருந்தேன். என் மாமியார் அதிகம் பேசாதவர். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாவோடு மட்டும் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசிச் சிரிப்பார். நான் வந்தால் சிரிப்பை நிறுத்திவிடுவார். மரியாதைக்கு நிறுத்தினாரா, பிடிக்காமல் நிறுத்தினாரா என்று அப்போது யோசித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரும் நானும் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் போனோம். ஓடையில் காலை வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தோம். அவர் கேட்டார்.

"ரெண்டு வருசம். பொறவு இங்க வந்துருவேல்ல?"

"வந்துருவேன்."

நான் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு வேறெதுவும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அதே லீவில் ஊர்ப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்கு விசாரித்தபோது, பெரிய டாக்டர் வரும்போது நர்ஸுகள் கையைக் கட்டி நிற்க வேண்டும், எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்று முதலிலேயே சொன்னார்கள். இங்கே திரும்பிய அந்தக் குளிர்காலத்தில் என்னை ஒரு வார்டுக்குப் பொறுப்பாளராக ஆக்கினார்கள். இருபத்தெட்டுப் படுக்கைகள். டாக்டர் எழுதிய மருந்தில் சந்தேகம் வந்தால் நானே போய்க் கேட்கலாம். கேட்டேன். கேட்கக் கேட்க, ஊருக்குத் திரும்பிப் போய்க் கையைக் கட்டி நிற்பது என்னால் ஆகாது என்று தெரிந்துவிட்டது.

நான் வரவில்லை, நீங்கள் இங்கே வாருங்கள் என்று அவருக்கு எழுதினேன்.

3

எங்கள் கடிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் எழுதும் கடிதத்தை அவர் தன் அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் நான் சபையில் வாசிக்கிற அறிக்கை மாதிரி எழுதுவேன். நலம், நலமறிய ஆவல், இங்கே பனி பெய்கிறது, அத்தைக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது. அவரும் அதே மாதிரி பதில் எழுதுவார். மழை பெய்தது, கண்மாய் நிறைந்தது. மழை பெய்யவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை.

நான் வரவில்லை என்று எழுதியதற்கு மட்டும் நாலு பக்கத்தில் பதில் வந்தது. அதை அவர் யாருக்கும் வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்.

"நான் எதுக்கு அங்க வரணும்? உன் சம்பளத்துல உக்காந்து திங்கவா? எனக்கு இங்க வேலை இருக்கு, எங்க அம்மா இருக்கு. வாரேன்னு சொன்னவ நீ. தண்ணிக்குள்ள காலை வச்சுக்கிட்டுச் சொன்ன."

இதெல்லாம் நியாயமான கோபம். மூன்றாம் பக்கத்தில் இருந்ததுதான் என்னைக் கீழே தள்ளியது.

"ஒம்பது வருசம் ஒத்தையில இருந்தவ எப்படி இருந்தாளோன்னு எங்க அம்மா கேக்கா. நான் என்ன பதில் சொல்ல?"

அதைப் படித்துவிட்டு டியூட்டிக்குப் போனேன். அன்றைக்கு ஒரு கிழவருக்கு முதுகுப்புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டேன். வீட்டுக்கு வந்து அதை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். மூன்று மாதம் நான் ஒரு வரியும் எழுதவில்லை. அவரிடமிருந்தும் வரவில்லை. பிறகு ஒரு ஏர் லெட்டர் வந்தது. அதில் மொத்தமே இவ்வளவுதான்: "வாரேன். பேப்பர் அனுப்பு. அந்த லெட்டரக் கிழிச்சுப் போடு."

நான் கிழிக்கவில்லை. விசாவுக்கு உதவும் என்றெல்லாம் நினைத்து வைத்திருக்கவில்லை. என்றைக்காவது ஒருநாள் அவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்றுதான் வைத்திருந்தேன்.

4

அந்தக் காலத்தில் இங்கே ஒரு சட்டம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்புதான் அதை நீக்கினார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற கணவன், இந்த நாட்டுக்குள் நுழைவதற்காகவே முக்கியமாக இந்தக் கல்யாணத்தைச் செய்துகொள்ளவில்லை என்று அவனே நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை எதை வைத்து நிரூபிப்பது?

எங்களிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தோம். போட்டோ ஆல்பம், சர்ச் சான்றிதழ், முப்பத்தெட்டுக் கடிதங்கள். நாலு பக்கக் கடிதத்தை மட்டும் கொடுக்கவில்லை.

மெட்ராஸில் நேர்காணல். அதற்கு முன் மதுரையில் ஒரு ஏஜெண்ட் அவருக்கு ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்தியிருக்கிறார். நீங்க போயி அரசாங்கத்துக்குப் பாரமா இருக்க மாட்டீங்கன்னு காட்டணும், அங்க நல்ல வேலை பாப்பேன், முன்னுக்கு வருவேன்னு அடிச்சுச் சொல்லணும் என்று. விசா அதிகாரி கேட்ட கேள்வி வேறு.

"உங்கள் வழக்கப்படி பெண்தானே கணவன் வீட்டுக்கு வர வேண்டும்? நீங்கள் ஏன் மனைவி இருக்கும் நாட்டுக்குப் போகிறீர்கள்?"

"அங்க போனா நல்ல வேலை கிடைக்கும் சார். முன்னுக்கு வருவேன்."

மறுத்துவிட்டார்கள். அவர் சொன்ன அந்த வாக்கியத்தையே காரணமாகக் காட்டியிருந்தார்கள். போகவே மாட்டேன் என்று நாலு பக்கம் எழுதிய மனிதர், போகத் துடிப்பவர் என்று காகிதத்தில் பதிவாகிவிட்டார்.

5

அப்பீல் செய்தோம். என் பக்கம் வாதாட வந்த வக்கீல் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். மொழிபெயர்த்த கடிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாக் கடிதத்திலும் மழை பெய்கிறது, அல்லது பெய்யவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சண்டையே போட்டதில்லையா?"

நான் கடிதங்களை அடுக்கி வைக்க ஆரம்பித்தேன். அவர் விடவில்லை. "சண்டைக் கடிதம் ஒன்று இருந்தால் கொண்டுவாருங்கள். இந்தக் கடிதங்களை யார் வேண்டுமானாலும் எழுதலாம்."

இருக்கிறது என்று சொன்னேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பாதி சொன்னேன். அவர் நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். வழக்கு ஜெயிக்க இந்த ஒரு காகிதம் போதும், ஆனால் முழுசாகக் கொடுக்க வேண்டும், வெட்டிக் கொடுத்தால் எதையோ மறைப்பதாக நினைப்பார்கள் என்றார்.

என் கணவரைக் கேட்காமல் எப்படிக் கொடுப்பது? தந்தி கொடுத்து நேரம் சொல்லி, ஆலை ஆபீசுக்குப் போன் செய்தேன். பக்கத்தில் கிளார்க்குகள் பேசுகிற சத்தமும் பின்னால் தறிச் சத்தமும் கேட்டன.

"அந்த லெட்டர் வேணும்கிறாங்க" என்றேன்.

"எது?"

"நாலு பக்கம் எழுதுனீங்கல்ல."

"கிழிச்சுப் போடுன்னு சொன்னேன்ல?"

"கிழிக்கல."

"அது வேணாம்." குரலைத் தாழ்த்தினார். "அது மட்டும் வேணாம். எங்க அம்மா பேரு அதுல இருக்கு. அங்க எல்லார் முன்னாலயும் வாசிப்பாங்களா?"

"வாசிப்பாங்க."

"அப்ப வேண்டவே வேண்டாம். நான் வராட்டாலும் போகுது. இங்க ஆளுக இருக்காங்க, என்னால பேச முடியல. அனுப்ப மாட்டேன்னு சொல்லு."

"சரி. அனுப்பல."

அடுத்த நாள் அதை மொழிபெயர்ப்புக்குக் கொடுத்தேன்.

இதை நான் எப்படி எழுதினாலும் நல்லபடியாக வராது. தப்பென்று தெரிந்தேதான் செய்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷமாகப் போகிறது, சேர்ந்து இருந்தது ஐந்து வாரம். வார்டில் எனக்குப் பின்னால் கல்யாணமானவர்கள் பிரசவ லீவில் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னொன்றும் இருந்தது. மாமியார் அப்படி ஒரு வார்த்தை சொன்னார் அல்லவா, அதை நாலு பேர் கேட்டால்தான் என்ன என்ற கசப்பு. அதையும் மறைக்க விரும்பவில்லை.

மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஊரில் கணக்காசிரியராக இருந்தவர். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஒவ்வொரு வரியாக வாசித்து, எங்கள் ஊர்ச் சொல் வந்தால் நிறுத்திக் கேட்டு எழுதினார். மூன்றாம் பக்கம் வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"பிள்ளை, இந்த வரியை நான் கொஞ்சம் மெதுவாக்கி எழுதட்டோ? தனிய இருந்து கஷ்டப்பட்டிருப்பா எண்டு அம்மா கவலைப்படுறா எண்ட மாதிரி?"

"வேணாம் சார். இருக்கிறபடியே எழுதுங்க."

"நீர் யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?"

"யோசிச்சுட்டேன்."

அவர் எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுதி முடிக்கும்போது அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தார். குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. அரசாங்கத் தரப்பில் வாதாடிய இளைஞர் அந்த வரியை உரக்க வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, இப்படி எழுதிய ஒருவரோடு ஏன் வாழ விரும்புகிறீர்கள் என்று கேட்டார்.

வக்கீல் எனக்குச் சொல்லிக் கொடுத்த பதில்களில் இதற்குப் பதில் இல்லை. "வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு மீறியவள் நான்" என்றேன். "அந்தக் கோபத்தில் எழுதினார். என்னைத் தூக்கிப் போட நினைத்தவர் நாலு பக்கம் எழுத மாட்டார்." தண்ணீர் கொடுத்தார்கள்.

ஜெயித்தோம். இந்தக் கடிதத்தை எழுதியவர் இந்த நாட்டுக்கு வர ஆசைப்பட்டுக் கல்யாணம் செய்தவராக இருக்க முடியாது என்று தீர்ப்பில் எழுதினார்கள். ஆதாரமாக மூன்றாம் பக்கத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

6

எண்பத்தெட்டுக் கடைசியில் அவர் வந்து சேர்ந்தார். ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் பஞ்சாலைப் புகைபோக்கிகளைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இங்கயும் மில்லு இருக்கே" என்று உற்சாகமாகக் கேட்டார். எல்லாம் மூடிக் கிடப்பவை என்று சொன்னேன். ரொட்டி ஆலையில் பொட்டலம் போடும் வேலை கிடைத்தது. இன்றைக்கும் அதில்தான் இருக்கிறார். எந்தக் காகிதத்தால் விசா கிடைத்தது என்று அவர் கேட்டதே இல்லை. யாராவது கேட்டால், கர்த்தர் செஞ்சது என்பார். நான் அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன்.

மறு வருஷம் எஸ்தர் பிறந்தாள். இப்போது ஒன்பது வயது. தமிழில் சொன்னால் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். தமிழ் எழுத்து ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மூன்று வாரம் போனாள், பிறகு நீச்சல் என்று நின்றுவிட்டாள். அவள் தகப்பன் எழுதிய கடிதத்தை இந்த ஜென்மத்தில் படிக்க மாட்டாள் என்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். மொழிபெயர்ப்பும் கோப்பில் இருக்கிறது, அதை அவளால் படிக்க முடியும் என்று அந்த அவசரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு டியூட்டி முடிந்து வந்தபோது அப்பாவும் மகளும் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கோப்பு. அவள் அதை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். கல்யாணப் போட்டோக்களில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்ப்பு வரைக்கும் வந்திருக்கிறாள். வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிற பிள்ளை.

அவர் என்னைப் பார்த்தார். "அனுப்பலைன்னு சொன்ன."

"சொன்னேன்."

"பதினோரு வருசம்."

நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எஸ்தர் என்னிடம் இங்கிலீஷில் கேட்டாள். அப்பத்தா உன்னைக் கெட்டவள் என்று ஏன் சொன்னார்கள்? அவளுக்கு அப்பத்தாவை நினைவில்லை. இரண்டரை வயதில் ஒரே ஒரு முறை பார்த்தது. அந்தக் கிழவியைப் பற்றி என் மகளுக்குத் தெரிந்த ஒரே விஷயம் இப்போது இந்த வரிதான்.

நான் பதில் தேடுவதற்குள் அவர் பேசினார். மகளிடம் அவர் எப்போதும் தமிழில்தான் பேசுவார். அன்றைக்குத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிச் சொன்னார்.

"மை மதர் நாட் சே. ஐ சே. ஐ புட் ஹெர் நேம். இட் இஸ் லை. யுவர் மதர், குட் உமன். ஐ ஆம் ராங்."

எஸ்தர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஓகே என்றாள். பிறகு மாடிக்குப் போய்விட்டாள். அவள் போகும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அத்தை சொல்லவே இல்லையா?"

"இல்ல."

"பொறவு ஏன்?"

"என் பேருல எழுதுனா நீ என்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்ட. அம்மா சொல்லுதுன்னு எழுதுனா, நான் உன் பக்கம் நிக்கிற மாதிரி இருக்கும்னு நெனச்சேன். அன்னைக்கு போன்ல சொல்லலாம்னா, ஆபீசுல அம்புட்டுப் பேரும் இருந்தாங்க. நீ அனுப்பலைன்னதும் விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் வாரேன்னு எழுதுனீங்க?"

"மூணு மாசம் லெட்டர் இல்ல. பயமாயிருச்சு." கோப்பின் நாடாவைக் கட்டினார். "நீ செஞ்சதும் தப்புதான் கிரேஸு."

"ஆமா" என்றேன்.

7

அண்ணனுக்கு மறுநாளே போன் செய்து, போட்டோக்காரர் கேட்ட லிஸ்ட்டைச் சொல்லிவிட்டேன். என் கணவரும் நானும் இப்போது முன்னைவிட அதிகமாகவே பேசிக்கொள்கிறோம். ஆனால் இந்த ஒரு வாரமாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வார்டில் மருந்து அளவை இரண்டு தடவை சரிபார்க்கிறேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறேன். யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

தொண்ணூற்றிரண்டில் எஸ்தரைத் தூக்கிக்கொண்டு லீவுக்குப் போனேன். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு மாதமும் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அம்மா வீட்டிலேயே தங்கினேன். ராஜபாளையம் பஸ்ஸில் அரைமணி நேரம்தான். குழந்தைக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று சாக்குச் சொல்லி, ஒரே ஒரு நாள் மத்தியானம் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தேன். அந்த வரியைச் சொன்ன வாயோடு என்ன பேச்சு என்று இருந்தேன்.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மாமியாரே வந்தார். பதினோரு மணி வெயிலில், பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்திருக்கிறார். எஸ்தருக்குப் பூப்போட்ட கவுன் ஒன்று தைத்துக் கொண்டுவந்திருந்தார். பிள்ளையின் அளவு தெரியாமல் தைத்ததால் தரையில் புரண்டது. "வளந்து போட்டுக்கிடட்டும்" என்று சிரித்தார். என் அம்மா உள்ளே போன நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"ஏந்தாயி, நம்ம வீட்டுல ரெண்டு நாளு தங்குனா என்ன?"

"தங்குனா, ஒத்தையில எப்படி இருந்தேனோன்னு கேப்பீங்க" என்றேன்.

அவர் விளங்காமல் பார்த்தார். "என்னத்தக் கேப்பேன்?"

நல்லா நடிக்கிறீங்க அத்தை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, எழுந்து போய்ப் பிள்ளைக்குப் பால் காய்ச்சினேன். அவர் சாப்பிடவில்லை. தெருமுனை பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் கொண்டுபோய் விட்டேன். விடாவிட்டால் அம்மா திட்டுவார்கள். ஆத்தங்கரைப் பக்கத்திலிருந்து பஸ் திரும்புவது தெரிந்ததும் என் கையைப் பிடித்தார்.

"நான் எதும் தப்பாச் சொல்லிருந்தா மனசுல வச்சுக்கிடாத தாயி. கூறு இல்லாதவ நான். என்ன சொன்னேன்னு எனக்கே தெரியல."

மூன்று வருஷத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு நாங்கள் போய்ச் சேர முடியவில்லை.

அன்றைக்கு அந்த பஸ் ஸ்டாப்பில், கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, "சரி, விடுங்க" என்று மன்னித்துவிட்டவள் மாதிரிச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஊர் எல்லை தாண்டும் வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே போயிருப்பார். நான் நின்று பார்க்கவில்லை.